மணிக்கட்டில் சந்தனம்

கத்தரியின் வளையத்துக்குள் பெருவிரலை நுழைத்தபோதே செல்லக்கனிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு இதை வைத்து யாரையாவது குத்தினாலும் குத்திவிடுவோம் என்று. யாரையாவது என்ன யாரையாவது, அவரைத்தான். வேப்ப மரத்தடியில், வரிசையின் வாலில், வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் மஞ்சப்பையுமாக நிற்கிறாரே கோமதிநாயகம், அவரை. பக்கத்தில் தலை குனிந்தபடி அவர் மகள். பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த துணியில் ‘சிறப்பு வகுப்பில் சேரும் புதிய குடும்பங்களே, வருக வருக’ என்று எழுதியிருந்தது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் வேறு. கல்யாண வீடு தோற்றது, போங்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, இரண்டு வருசம் காலையும் மாலையும் கூடுதல் வகுப்பு வைத்து டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் படிக்க அனுப்புகிற ஏற்பாடு அது. ஊரில் அதற்கு ஸ்பெஷல் பேட்ச் என்று பெயர். அரசுப் பள்ளிக்கூடத்துக்குள் இப்படி ஒன்று வந்த பிறகுதான் கார் வைத்திருக்கிறவன்கூட இந்த கேட்டைத் திரும்பிப் பார்க்கிறான். பெற்றோர் குழுவுக்குத் தலைவி செல்லக்கனி. புதிதாக வருகிறவர்களை வரவேற்பது தலைவியின் வேலை. வரவேற்பது என்றால் சும்மா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் கட்டியிருக்கிற கயிற்றை வெட்ட வேண்டும். சாதிக்கு ஒரு கலர் என்று கட்டிக்கொண்டு வந்துதானே இத்தனையும் நடந்தது? அதனால் எந்தக் கயிறும் கூடாது, சாமி கயிறானாலும் கூடாது. வெட்டின இடத்தில் ஒரு விரல் சந்தனம், பிள்ளை வாய்க்குக் கற்கண்டு, அம்மாக்காரிக்குக் குங்குமம், கடைசியில் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை. கூட்டத்தில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தி இந்த முறையைக் கொண்டுவந்ததே அவள்தான். “அப்ப நீங்களே நின்னு வெட்டுங்க” என்று தலைமை ஆசிரியை ஜாய்ஸ் டீச்சர் சொல்லிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

“யக்கா, யக்கா, இது நேத்துதான் குலதெய்வம் கோயில்ல கட்டினது, புதுப் பள்ளிக்கூடம் போற புள்ளைக்குக் காப்புன்னு பூசாரி மந்திரிச்சுத் தந்தது” என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் இதையேதான் செய்திருக்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததா, உடனே ஓடிப்போய்ப் பிள்ளைக்குக் கயிறு கட்டியாயிற்று; இங்கே வந்து பார்த்தால் கேட்டிலேயே கத்தரியோடு ஒருத்தி நிற்கிறாள். “சாமி கயித்துலயா இருக்கு? உள்ள போயிப் படிக்கச் சொல்லு” என்றபடி செல்லக்கனி கத்தரியை உள்ளே விட்டு வெட்டினாள். ஒரு சத்தம்கூட இல்லை. பீடி இலை வெட்டுகிற கத்தரி, வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சின்ன வயசிலிருந்து தகரத் தகட்டை இலைமேல் வைத்து ஓரம் பிசகாமல் வெட்டிய கை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் தகட்டைத் தாண்டாது. சந்தனம் வைத்தாள். கற்கண்டு கொடுத்தாள். வாங்க என்றாள். அடுத்த கை. கோமதிநாயகம் ஒரு அடி முன்னால் வந்திருந்தார். ஒரு வார்த்தை போதும். நேற்று சாயங்காலம் ஜாய்ஸ் டீச்சர் வீட்டுக்கே வந்து பாயில் உட்கார்ந்து சொன்னார்: “புள்ள மார்க் எடுத்திருக்கா செல்லக்கனி, நானா அவளத் தடுக்க முடியாது. ஆனா உங்க வேந்தன் படிக்கிற எடம். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, நான் மேல பேசி அவள வேற ஊருக்கு மாத்திருதேன். ஆனா கேட்டுக்குள்ள கால வைக்கதுக்கு முன்னால சொல்லிரணும்.” ஒரு வார்த்தை. வேண்டாம். எவ்வளவு சின்ன வார்த்தை. வாங்க என்பதைவிட ஒன்றும் பெரிசு இல்லை. வேற ஊரில் இந்தப் படிப்பு இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை, இருவருக்கும் தெரியும் இல்லை என்று. சொன்னால் அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு போயிற்று. போகட்டுமே. போகட்டும் என்று நினைக்கும்போது நாக்கில் ஒரு ருசி வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

போன ஐப்பசியில் மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சாயங்காலம். ஸ்பெஷல் வகுப்பு முடிந்து வேந்தன் சைக்கிளில் வருகிறான். எழில்வேந்தன் என்று ஆசையாக வைத்த பெயர், அவளுக்கு வேந்தன், அவன் அப்பாவுக்குப் போனில் ‘பெரியவன்’. அப்பா கேரளாவில் கான்கிரீட் போடுகிறார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் மட்டும் திறந்திருந்தால் என்று அவள் நினைக்காத நாள் இல்லை. திறந்திருந்தால் அவன் மிதித்துப் போயிருப்பான். மூடியிருந்தது, காலை ஊன்றி நின்றான், பின்னாலிருந்து வந்தார்கள். கோமதிநாயகம் மகன் ரஞ்சித்தும் இன்னும் இரண்டு பேரும். ஒரே ஊர், ஒரே வகுப்பில் படித்தவன்தான் ரஞ்சித், பேட்சில் இடம் கிடைக்காதவன். கீழத் தெருக்காரன் பெயரை மேடையில் முதலாவதாகக் கூப்பிட்டார்களே, அது போதாதா? ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும் இல்லையா, அந்தச் சத்தத்தில் பிள்ளை கத்தினது ஒருத்தன் காதிலும் விழவில்லை. கழுத்துக்கு வந்த வெட்டைக் கையால் தடுத்தான். வலது கை. முன்னங்கையில் எலும்பு வரை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள், தொங்கிக்கொண்டு இருந்ததால். துண்டு மஞ்சள் நிறத் துண்டு, இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. அவள் துண்டைத் தொட்டாள். சூடாக இருந்தது. மகனின் ரத்தம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று பெற்றவளுக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை. ஈரல் கழுவுகிறபோது வருமே ஒரு வாடை, அது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கறி எடுக்கவில்லை. சரக்கு ரயில் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இப்போதுகூட, நாதஸ்வரத்துக்குக் கீழே, கேட்கிறது. “யக்கா, என்ன யோசன, வெட்டுங்க” என்று எவளோ சொன்னாள். வெட்டினாள். சந்தனம் வைத்தாள். வாங்க.

அன்று ராத்திரியே அவள் கோழி அறுக்கிற அரிவாளைத் தூக்கிக்கொண்டு மேலத் தெருவுக்கு நடந்தவள்தான். சேலை அவிழ்ந்து மண்ணில் இழுபட்டது. பாவாடையோடு நடந்தாள். தெருமுக்கில் பொம்பளைகள் சேர்ந்து அமுக்கிப் பிடித்தார்கள், ஒருத்தி அவள் மேல் ஏறியே உட்கார்ந்துவிட்டாள். கன்னம் தார் ரோட்டில் அழுந்த, அவள் கண்ணுக்கு நேராகக் கோமதிநாயகம் வீட்டுக் கதவு. உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னலில் ஒரு பிள்ளையின் முகம் தெரிந்து உடனே மறைந்தது. இந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். வேறு யார்? அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால் யாரை வெட்டியிருப்பாள்? முதலில் எதிர்ப்பட்டதை. அந்த முகத்தை. அது நிச்சயம், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. பிடித்தவர்கள் நல்லதுதான் செய்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு இன்னும் அது நல்லதாகத் தெரியவில்லை. வேந்தனின் கை இப்போது மூடாது. விரல்கள் அஞ்சும் இருக்கின்றன, அழகாகவே இருக்கின்றன, எதையும் பிடிக்கத்தான் மாட்டா. இடது கையில் எழுதப் பழகி, பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். சோற்றையும் அந்தக் கையால்தான் சாப்பிடுகிறான். முதல் நாள் அப்படிச் சாப்பிட்டபோது அவள் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். இந்தப் பெண் பேட்சில் சேரப் போகிறது என்று சொன்னதும் அவன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “என்ட கேக்காதம்மா. பெரிய மனுசன் மாதிரி மன்னிச்சேன்னு நடிக்க எனக்குத் தெம்பு இல்ல. வேண்டாம்னு சொல்லி ஒரு புள்ள படிப்பக் கெடுத்தேன்னு பேரு வாங்கவும் தெம்பு இல்ல. நீ என்ன வேணும்னாலும் சொல்லு.” அவ்வளவுதான். பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு அவன் கணக்குப் போட ஆரம்பித்தான். இப்போது உள்ளே மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறான். நாற்காலியை முழங்கையில் மாட்டித் தூக்குவான்.

வரிசை நகர்ந்தது. வேப்ப மர நிழலைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிட்டார் கோமதிநாயகம். இளைத்திருக்கிறார். இளைக்கட்டும். பீடிக் கடையில் சுற்றின பீடியைச் சரிபார்த்து வாங்குகிறவர் அவர். அவள் பீடிக் கட்டை நீட்டிக்கொண்டு படிக்குக் கீழே நிற்க, அவர் மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, பிடிக்காததைக் கிள்ளித் தெருவில் எறிவார். “ஏட்டி செல்லக்கனி, கை எங்க இருந்துச்சு, புத்தி எங்க இருந்துச்சு?” என்பார். அவள் சிரிக்க வேண்டும். சிரித்திருக்கிறாள், அண்ணாச்சி அண்ணாச்சி என்று குழைந்திருக்கிறாள், வருசக்கணக்காக. அந்தச் சிரிப்பையெல்லாம் திரும்ப வாங்க முடியுமா? குத்தினால் எங்கே குத்துவது? சட்டையின் மேல் பொத்தான் போடவில்லை, தொண்டைக்குழி தெரிகிறது. எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்குகிறது. இந்தக் கத்தரி நீளம் இல்லை. ஆனால் கூர் உண்டு, போன வாரம்தான் சாணை பிடித்தது. குனிந்து மகள் கையை அவர் நீட்டிக் கொடுப்பார், அப்போது கழுத்து கிட்டே வரும். வெதுவெதுவென்று கைமேல் வழியும். நாதஸ்வரம் நிற்காது. ஜனங்கள் ஓடுவார்கள், கற்கண்டு சிதறும், ஜாய்ஸ் டீச்சர் இயேசுவே என்பார், அவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். பிறகு? பிறகு வேந்தன் மண்டபத்திலிருந்து ஓடி வருவான். அந்த இடத்தில் நினைப்பு தட்டிக்கொண்டு நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்: பொத்தான், தொண்டைக்குழி, வெதுவெதுப்பு, வேந்தன் ஓடி வருகிறான். ஒவ்வொரு தடவையும் அவன் வந்துவிடுகிறான். சனியன். சரி, குத்த வேண்டாம். வேண்டாம் என்ற வார்த்தை இருக்கிறதே, அதை வைத்துக் குத்தலாம், ரத்தம் வராது, யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். ரஞ்சித்தைக்கூடச் சிறுவர்களை வைக்கிற இல்லத்தில்தான் வைத்திருக்கிறார்கள், ஜெயிலில் இல்லை. வேளாவேளைக்குச் சோறு உண்டாம், டி.வி.கூட இருக்கிறதாம். வரிசையில் முன்னால் ஒரு பெண் பிள்ளை கயிறு வெட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டது. “வலிக்காது புள்ள” என்று சொல்லி வெட்டினாள். பயம். குத்திவிடுவோமோ என்ற பயமா, குத்தாமல் விட்டுவிடுவோமோ என்ற பயமா, அவளுக்கே பிடிபடவில்லை.

பிறகு நடுவில் யாரும் இல்லை. கோமதிநாயகம் எதிரே நின்றார், கத்தரி எட்டுகிற தூரத்தில். வியர்வை நாற்றமும் புகையிலைத் தூள் நாற்றமும் அடித்தன. ஜாய்ஸ் டீச்சர் இரண்டு அடி தள்ளி நின்று அவள் முகத்தையே பார்த்தார், சொல்லப் போகிறாளா என்று. கோமதிநாயகம் மகளின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். “நிவேதிகா, கையக் காட்டு. மாரியம்மன் கோயில் கயிறும்மா, வேற ஒண்ணும் இல்ல.” அம்மா என்கிறார். ஏட்டி போய் அம்மா வந்துவிட்டது. அந்தப் பெண் கையை நீட்டினாள். ஒல்லிக் கை. உள்பக்கம் ஒரு பச்சை நரம்பு, பேனா மை, இறுக்கிக் கட்டிய கறுப்புக் கயிறு. கத்தரியின் கீழ் அலகைக் கயிற்றுக்கு அடியில் விட்டாள். கயிறு ஏறியது. தோலும் கொஞ்சம் ஏறியது. அவளுக்குத் தெரிந்தது, இரண்டு அலகுக்கும் நடுவில் கயிறு மட்டும் இல்லை என்று. கையைத் தளர்த்தியிருக்கலாம். கத்தரியை மூடினாள்.

கயிறு விழுந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை, வெள்ளையாக ஒரு கீறல்; பிறகு சிவந்து, நிறைந்து, வழிந்தது. பெண்ணின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. செல்லக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவுதானா? இத்தனை மாதமாகச் சுமந்த கோபம் அந்த நொடியில் இருந்த இடமே தெரியவில்லை. கோபமே இல்லாமல் கை தானாக மூடியது. இலை வெட்டுவதுபோல அவ்வளவு சுலபமாக இருந்தது. ரயில்வே கேட்டில் ரஞ்சித்துக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? பெண் மற்றக் கையால் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் சிவப்புக் கசிந்தது.

“என்ன புள்ள அது, செவப்பா?” என்றார் கோமதிநாயகம்.

“குங்குமம்ப்பா. தட்டுல கை பட்டுட்டு.”

அவர் குங்குமக் கிண்ணத்தைப் பார்த்தார். அது அந்தப் பெண் நிற்கிற இடத்திலிருந்து எட்டாது. கத்தரியைப் பார்த்தார். கடையில் ஆயிரம் கைகளைப் பார்த்தவர், பீடிக்காரி கத்தரி தானாகத் தவறாது என்று அவருக்கா தெரியாது? அவர் கத்துவார் என்று செல்லக்கனி காத்திருந்தாள். கத்தட்டும், அடிக்கட்டும், ஏட்டி என்று கூப்பிடட்டும், அப்போது எல்லாம் ஒழுங்காகிவிடும். ஆனால் அவர் முகம் இறுக்கம் விட்டது. ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை வெளியே விட்டார். மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். கிட்டே வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டார்.

“இப்ப சரியாப் போச்சாம்மா?”

இதற்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தாரா? வழியில் சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்திருப்பார், அவ என்ன செஞ்சாலும் வாயத் தெறக்காதேன்னு. ஒரு கீறலைக் கொடுத்து ஒரு கையைக் கழித்துக்கொள்ளலாம் என்று, நேர்ந்துவிட்ட ஆட்டைப்போல முன்னால் தள்ளிவிட்டு, எப்போது வெட்டுவாள் எப்போது வெட்டுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவளும் வெட்டினாளே. சொல்லி வைத்தாற்போல வெட்டினாளே. செல்லக்கனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“போகல” என்றாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “சரியாப் போகல அண்ணாச்சி. எந்தக் காலத்துலயும் போகாது. இந்தப் புள்ள கைய என்ட நீட்டி உம்ம கணக்க முடிக்கப் பாக்காதீரும்.” கத்தரியை விரலிலிருந்து உருவி ஜாய்ஸ் டீச்சரிடம் நீட்டினாள். அதன் வாயில் ரத்தம் இருந்தது. “டீச்சர், குங்குமம் இல்ல. நான்தான் வெட்டினேன். தெரிஞ்சேதான் வெட்டினேன். இத வாங்கி வையுங்க, இனி என் கையில இருக்கப்பிடாது.”

டீச்சர் வாங்கிக்கொண்டார். “உங்களப் பத்தி பொறவு பேசுவோம்” என்றார். “இந்தப் புள்ளைக்கு என்ன சொல்லுதீங்க? உள்ள வரட்டுமா, வேண்டாமா?”

“இவ வரட்டும். இவரு வெளிய நிக்கட்டும்.”

கோமதிநாயகம் வெயிலில் அப்படியே நின்றார். செல்லக்கனி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையால் பொத்தி அமுக்கிக்கொண்டு கேட்டுக்குள் தண்ணீர்க் குழாயைப் பார்க்க நடந்தாள். உள்ளங்கையில் அது சூடாகத் துடித்தது. யார் வீட்டு ரத்தமாக இருந்தால் என்ன, இதுவும் சூடுதான்.

“வலிக்குதா?” என்று கேட்டாள்.

பெண் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூரத்தில் இருந்தார். பிறகுதான் அவள் உதடு கோணியது.

“ஆமா” என்றாள். “ரொம்ப வலிக்குது.”